செய்தி போகவில்லை, கணக்கு திறக்கவில்லை: மலையகக் குடும்பங்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மலையகத்தில் வட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. கொழும்பில் கடையில் நிற்கும் மகனும், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் தாயும், தோட்டத்தில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியும் ஒரே குடும்பமாக இருப்பது அந்தச் சிறு திரையில்தான். பாடசாலைப் பயிற்சித்தாள், கோவில் திருவிழாக் கணக்கு, மரண அறிவித்தல் எல்லாம் அதில்தான் வருகின்றன. அது நின்றுபோனால் ஒரு வீடே துண்டிக்கப்படுகிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் போனில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். நம்மவர்களின் போன்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால் மெனுப் பெயர்களை அந்த உச்சரிப்பிலேயே தந்திருக்கிறேன். எதைத் தொடும் முன்னும் ஒன்றை மனதில் வையுங்கள்: வட்ஸ்அப் வேலை செய்யவில்லை என்றதும் அதை அழித்துவிட்டு மறுபடி ஏற்றாதீர்கள். மறுபடி ஏற்றினால் உங்கள் எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கக் கோடை அது கேட்கும். அந்த சிம் கையில் இல்லையென்றால் உள்ளே போக வழியில்லை. பிரதி எடுத்து வைக்காத பழைய செய்திகளும் போய்விடும். சின்னப் பழுதைப் பெரிய இழப்பாக்கும் காரியம் இதைப் போல வேறில்லை.

செய்திக்குப் பக்கத்தில் கடிகாரக் குறி நிற்கிறது

செய்தி இன்னும் உங்கள் போனை விட்டே கிளம்பவில்லை என்பதுதான் இதற்குப் பொருள். பழுது உங்கள் பக்கம்தான். எதிர்முனையில் இருப்பவரைக் குறை சொல்ல இடமில்லை.

முதலில் இரண்டு சிம் போடும் போனா என்று பாருங்கள். ரீலோட் செய்தது ஒரு சிம்முக்கு, டேட்டா ஓடுவது இன்னொரு சிம்மில் என்பது அடிக்கடி நடப்பது. அது சரியாக இருந்தால் ஏரோப்பிளேன் மோடைப் போட்டு, அரை நிமிடம் விட்டு எடுங்கள். போன் கோபுரத்தைப் புதிதாகத் தேடிப் பிடிக்கும். ஹட்டனிலிருந்து பஸ் ஏறி மஸ்கெலியாப் பக்கம் இறங்கியவுடன் போன் பழைய கோபுரத்தையே பிடித்துக்கொண்டு தவிக்கும்போது இது உடனே கைகொடுக்கும்.

அதற்கும் அசையவில்லை என்றால் போனில் திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். பற்றரி முழுதாக இறங்கி அணைந்துபோன பழைய போன்கள் சில நேரம் ஏதோ ஒரு பழைய வருடத்தைக் காட்டிக்கொண்டு எழும். திகதி பிழைத்தால் வட்ஸ்அப் இணையாது. கூகுள் பக்கங்கள்கூடப் பாதுகாப்பில்லை என்று மறுக்கும். செட்டிங்ஸில் 'ஒட்டோமெட்டிக் டேட் அன்ட் டைம்' என்பதைப் போட்டால் தீர்ந்துவிடும். இந்த ஒன்றுக்காகப் போனைக் கழற்றிப் பார்த்துக் காசு வாங்கியவர்களும் உண்டு. ஆகவே கடைக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

சிக்னலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பனிமூட்டம் இறங்கினால் சிக்னல் போய்விடும் என்கிறோம். கைபேசி அலைகளுக்கு மூடுபனி ஒரு தடையே அல்ல. தடுப்பது மலை. கோபுரத்துக்கும் உங்கள் லயத்து வீட்டுக்கும் நடுவே ஒரு முகடு நின்றால் அந்தப் பக்கம் நிழல்தான். பத்தடி நடந்து வளைவைத் தாண்டினால் சிக்னல் நான்கு கோடும் வருவது இதனால்தான். தகரக் கூரையும் தன் பங்குக்கு மறைக்கும். மூடுபனியோடும் மழையோடும் சிக்னல் போவதாகத் தோன்றுவதற்கு முக்கியக் காரணம் மின்வெட்டு. மின்சாரம் போனால் கோபுரம் தன் பற்றரியில் சில மணி நேரம் ஓடும், பிறகு நின்றுவிடும். எனவே காற்றும் மழையும் பலக்கும் நாளில், கரண்ட் போன உடனேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள். இரவு வரை வைத்திருக்காதீர்கள்.

கோடுகள் நிறைய இருந்தும் மெதுவாகத்தான் போகிறது, அதுவும் இரவு எட்டு மணிக்கு மேல்தான் என்றால் அது உங்கள் போனின் குற்றமல்ல. முழுத் தோட்டமும் அந்த நேரத்தில் ஒரே கோபுரத்தில் வீடியோ பார்க்கிறது. நாள்தோறும் அப்படியே என்றால் முதலில் உங்கள் சிம் நிறுவனத்திடம் முறையிட்டு அதன் இலக்கத்தை வாங்கி வையுங்கள். அதன் பிறகும் பலனில்லை என்றால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவை 1900 இலக்கத்தில் அழைக்கலாம். தோட்டத்து மக்கள் முறைப்பாடு செய்வதில்லை என்பதாலேயே நம் பக்கத்துக் குறைகள் பல பதிவாகாமல் கிடக்கின்றன. கட்டணம் எல்லோரையும் போலத்தான் கட்டுகிறோம்.

ஒற்றை டிக்கோடு நிற்கிறது

உங்கள் செய்தி வட்ஸ்அப்பின் கணினிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பெறுபவரின் போனுக்குப் போகவில்லை. அவருடைய போன் அணைந்திருக்கலாம், டேட்டா தீர்ந்திருக்கலாம், அவர் சிம்மை மாற்றியிருக்கலாம், உங்களைத் தடுத்தும் வைத்திருக்கலாம். இவற்றில் எது என்று வட்ஸ்அப் வேண்டுமென்றே சொல்லாது. ஒற்றை டிக்கை வைத்துக் கணவன் மனைவி சண்டை போடுவதும், மகன் மறந்துவிட்டான் என்று தாய் அழுவதும் வீண். சாதாரண அழைப்பு ஒன்று எடுத்துவிடுங்கள்.

செயலியைத் திறந்தால்தான் செய்திகள் மொத்தமாக வந்து விழுகின்றன என்றால் அது வேறு பழுது. போன் பற்றரியைச் சேமிப்பதற்காக வட்ஸ்அப்பை உறங்க வைக்கிறது. செட்டிங்ஸில் வட்ஸ்அப்பின் 'பற்றரி' பகுதிக்குப் போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றுங்கள்.

டேட்டா கண்ணுக்குத் தெரியாமல் கரைகிறது

வட்ஸ்அப்பில் 'ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா'வுக்குள் 'மீடியா ஒட்டோ டவுன்லோட்' இருக்கும். மொபைல் டேட்டாவில் எதுவும் தானாக இறங்காதபடி எல்லா அடையாளங்களையும் எடுத்துவிடுங்கள். காலை வணக்கப் படங்களும் முப்பது பேர் அனுப்பும் ஒரே வீடியோவும் நீங்கள் தொட்டால்தான் இறங்கும். போன் நிறைந்துபோகும் தொல்லையும் பாதி குறையும். அழைப்புக்கு 'யூஸ் லெஸ் டேட்டா போர் கோல்ஸ்' என்பதைப் போடுங்கள். பேஸ்புக்கில் 'ஒட்டோபிளே'யை நிறுத்துங்கள். டிக்டொக்கில் 'டேட்டா சேவர்' உண்டு.

சமூக ஊடகத்துக்கு மட்டும் என்று விற்கப்படும் பொதிகளில் ஒரு வலை இருக்கிறது. வட்ஸ்அப்பில் வந்த ஒரு இணைப்பைத் தொட்டால் அது வெளியே வேறு தளத்தில் திறக்கும். அது அந்தப் பொதிக்குள் அடங்காமல் உங்கள் பிரதான மீதியில் கை வைக்கும். 'நான் வட்ஸ்அப் மட்டும்தான் பார்த்தேன், நூறு ரூபாய் போய்விட்டது' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை.

எல்லாச் செயலிகளும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன, மற்றத் தளங்கள் திறக்கின்றன

அக்கம்பக்கத்தில் வேறு நிறுவன சிம் வைத்திருப்பவரைக் கேளுங்கள். அவருக்கும் அப்படியே என்றால் உங்கள் போனில் எதையும் மாற்ற வேண்டாம். 2021 ஒக்டோபர் 4 அன்று பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் மூன்றும் உலகம் முழுவதும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றன. நம் நாட்டில் அரசாங்கமே தடுத்த சந்தர்ப்பங்களும் உண்டு: 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறையின்போது, 2019 ஏப்ரல் ஈஸ்டர் தாக்குதல்களின் பின், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி. அப்படியான நாட்களில் தடையைச் சுற்றிப் போக உதவும் கண்ட கண்ட இலவச வீபிஎன் செயலிகளை அவசரத்தில் ஏற்றாதீர்கள். உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் அதன் வழியாகத்தான் போகும். வங்கிச் செயலி உள்ள போனில் அது பெரும் ஆபத்து. எஸ்எம்எஸ்ஸும் சாதாரண அழைப்பும் இருக்கின்றன. முக்கியமான ஐந்தாறு எண்களைத் தாளில் எழுதி வீட்டில் ஒட்டி வையுங்கள்.

யாரோ ஆறு இலக்க எண்ணைக் கேட்கிறார்கள், அல்லது வட்ஸ்அப் உங்களை வெளியே தள்ளிவிட்டது

செய்தி பெரும்பாலும் தெரிந்தவர் பெயரிலிருந்துதான் வரும். 'அக்கா, தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஒரு கோட் அனுப்பிவிட்டேன், கொஞ்சம் சொல்லுங்கள்' என்று சித்தி மகனின் படத்தோடு வரும். அனுப்புவது சித்தி மகன் அல்ல. அவருடைய கணக்கை ஏற்கனவே பிடித்துக்கொண்டவன். நீங்கள் கோடைச் சொன்ன அடுத்த நிமிடம் உங்கள் கணக்கும் அவன் கைக்குப் போகும். பிறகு உங்கள் பெயரில் உங்கள் அண்ணனிடம் 'அவசரம், இந்த வங்கிக் கணக்குக்குக் கொஞ்சம் பணம் போடுங்கள்' என்று கேட்பான். நம் சமூகத்தில் அவசரம் என்று உறவு கேட்டால் காது தோட்டை அடகு வைத்தாவது அனுப்பிவிடுவார்கள். திருடனுக்கு அது தெரியும்.

கோடை ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் இந்த வரிசையில் செய்யுங்கள். உங்கள் போனில் வட்ஸ்அப்பைத் திறந்து, அதே எண்ணைக் கொடுத்து, புதிய கோடை வரவழைத்து இடுங்கள். இட்ட அந்தக் கணமே திருடன் வெளியேற்றப்படுவான். அதற்குப் பிறகு வட்ஸ்அப் ஒரு பின் (PIN) எண்ணைக் கேட்டால், அது நீங்கள் வைத்ததல்ல என்றால், அவன் 'டூ ஸ்டெப் வெரிபிகேஷன்' என்ற இரண்டாம் பூட்டைப் போட்டுவிட்டான் என்று பொருள். 7 நாட்கள் காத்திருந்தால் பின் இல்லாமலே உள்ளே போகலாம். அந்த 7 நாட்களும் உங்களாலும் பேச முடியாது, அவனாலும் முடியாது. ஆகவே பயப்பட வேண்டாம். ஆனால் அவன் ஏற்கனவே அனுப்பிய செய்திகள் ஊரில் உலவுகின்றன. எனவே உடனடியாகச் செய்ய வேண்டியது, உறவினர்களை நேரடியாக அழைத்து 'நான் பணம் கேட்கவில்லை' என்று சொல்வதுதான். குழு நிர்வாகி ஒருவரிடம் சொல்லி எல்லாக் குழுக்களிலும் போடச் சொல்லுங்கள்.

கோட் வரவே இல்லை என்றால் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் காத்திருக்கும் நேரம் நீளும். அழைப்பு மூலம் கோட் பெறும் வழியைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு முன் *#21# என்று அழைத்துப் பாருங்கள். உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருந்தால் காட்டும். 'கூரியர் வந்திருக்கிறது, இந்த எண்ணை அழுத்துங்கள்' என்று ஏமாற்றி இப்படித் திருப்பிவிடுகிறார்கள். ##002# அழைத்தால் எல்லாத் திருப்பல்களும் நீங்கும்.

உள்ளே வந்ததும் 'லிங்க்ட் டிவைசஸ்' பாருங்கள். நீங்கள் அறியாத கணினி எதுவும் இருந்தால் வெளியேற்றுங்கள். யாரோ ஐந்து நிமிடம் போனைக் கையில் வாங்கி தன் கணினித் திரையில் உள்ள கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்துவிட்டால், மாதக் கணக்கில் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்க முடியும். மனைவியின் செய்திகளைக் கணவன் படிக்கும் பல வீடுகளில் வழி இதுதான். கடைசியாக 'அக்கவுண்ட்' பகுதியில் 'டூ ஸ்டெப் வெரிபிகேஷன்' போட்டு, உங்களுக்கு மறக்காத, பிறந்த வருடம் அல்லாத ஒரு பின்னை வையுங்கள். மின்னஞ்சல் ஒன்றையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அம்மாவின் வட்ஸ்அப் வேறு யாரோ ஒருவருடைய படத்தைக் காட்டுகிறது

மலையகத்துக்கே உரிய பழுது என்று இதைத்தான் சொல்வேன். அம்மா இலங்கை எண்ணில் வட்ஸ்அப்பைத் திறந்துகொண்டு விமானம் ஏறுகிறார். அங்கே புது சிம் போட்டாலும் வட்ஸ்அப் பழைய எண்ணிலேயே நன்றாக ஓடும். இங்கே அந்த சிம்முக்கு யாரும் ரீலோட் போடுவதில்லை. மாதங்கள் கழிந்து எண் செயலிழக்கிறது. பிறகு நிறுவனம் அதே எண்ணை வேறொருவருக்கு விற்றுவிடுகிறது. அவர் வட்ஸ்அப் திறந்ததும் அம்மா வெளியே தள்ளப்படுகிறார். பிள்ளைகள் அனுப்பும் படங்கள் அறிமுகமில்லாத ஒருவருக்குப் போகின்றன.

அம்மா இன்னும் உள்ளே இருக்கிறார், இலங்கை சிம் மட்டும் செத்துவிட்டது என்றால் நிலைமையை முழுதாக மீட்கலாம். இன்றைக்கே அவர் 'அக்கவுண்ட்' பகுதியில் 'சேன்ஜ் நம்பர்' போய், பழைய எண்ணையும் இப்போது கையில் உள்ள எண்ணையும் கொடுக்க வேண்டும். கோட் புதிய எண்ணுக்குத்தான் வரும். பழைய சிம் தேவையில்லை. குழுக்களும் செய்திகளும் அப்படியே புது எண்ணுக்கு நகரும். போனை மாற்றுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம்.

எண் ஏற்கனவே கை மாறிவிட்டது என்றால் அதை மீட்கப் போராடுவது வீண். புது எண்ணில் புதுக் கணக்கைத் திறந்து, பிள்ளைகளின் போன்களில் பழைய எண்ணை அழித்து, குடும்பக் குழுவிலிருந்தும் அதை நீக்குங்கள். அந்த எண்ணைப் பேஸ்புக்குக்கும் வங்கிக்கும் கொடுத்திருந்தால் அங்கேயும் மாற்றுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

இனிப் போகப்போகிறவருக்கு: சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிவாகியிருக்கிறதா என்று நிறுவனத்தின் சேவை நிலையத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். கடைக்காரர் பெயரிலோ மைத்துனர் பெயரிலோ உள்ள சிம் தொலைந்தால் அதே எண்ணை உங்களால் திரும்ப எடுக்க முடியாது. கிளம்பும் முன் இரண்டாம் பூட்டும் மின்னஞ்சலும் போடுங்கள். வீட்டில் ஒருவர் அவ்வப்போது அந்த எண்ணுக்கு ரீலோட் போடும் பொறுப்பை ஏற்கட்டும்.

டுபாய், அபுதாபியில் இருப்பவரோடு வட்ஸ்அப் அழைப்பு சேரவில்லை என்றால் அது பழுதல்ல. ஐக்கிய அரபு இராச்சியத்தில் அந்த அழைப்புகள் தடுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துச் செய்தியும் குரல் பதிவும் போகும். நேரில் பேச அங்கே அனுமதி பெற்ற போடிம் போன்ற செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஒரு தாயின் தொடர்பு நாள் கணக்கில் அறுந்துபோனால் செயலியைத் தோண்டிக்கொண்டிருக்காதீர்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தை அழையுங்கள். போனைப் பறித்து வைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. பேஸ்புக்கில் வரும் வெளிநாட்டு வேலை விளம்பரத்தின் முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்பதற்கும் இதே இலக்கம்தான். பணம் கட்டும் முன் கேளுங்கள்.

பேஸ்புக் கடவுச்சொல் கேட்கிறது, உங்களுக்கு அது தெரியாது

'போன் வாங்கியபோது கடையில் போட்டுக் கொடுத்தார்கள்' என்ற பதில்தான் நூற்றுக்கு அநேகம். டவுனில் கம்யூனிகேஷன் கடையில் போன் வாங்கும்போது, பேஸ்புக் கணக்கையும் கூகுள் கணக்கையும் அவர்களே திறந்து தருகிறார்கள். உதவி செய்யும் எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் கொடுத்த எண் கடையின் எண்ணாக இருக்கும். மின்னஞ்சல் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. பிறந்த திகதி ஜனவரி 1 என்று இருக்கும். கணக்கில் உங்கள் படமும் பிள்ளைகளின் படமும் இருக்கலாம். அதன் சாவி மட்டும் உங்களிடம் இல்லை.

போனில் பேஸ்புக் இன்னும் திறந்திருக்கும்போதே இதைத் தீர்த்துவிட வேண்டும். 'செட்டிங்ஸ் அன்ட் பிரைவசி', அதற்குள் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்', 'பெர்சனல் டீடெய்ல்ஸ்', 'கொன்டாக்ட் இன்போ'. அங்கே உங்கள் எண்ணைச் சேருங்கள். உறுதிப்படுத்தும் கோட் உங்கள் போனுக்கு வரும். அதன் பிறகே கடையின் எண்ணை நீக்குங்கள். பிறகு 'பாஸ்வேர்ட் அன்ட் செக்யூரிட்டி'யில் கடவுச்சொல்லை மாற்றி, 'வெயர் யூ ஆர் லொக்ட் இன்' பட்டியலில் உங்களுடையதல்லாத போன்களை வெளியேற்றுங்கள். பிறந்த திகதியையும் பெயரையும் அடையாள அட்டையில் உள்ளபடி திருத்துங்கள். பின்னாளில் கணக்கு பூட்டப்பட்டால் பேஸ்புக் அடையாள அட்டையின் படம் கேட்கக்கூடும். பெயரும் திகதியும் பொருந்தாவிட்டால் உங்கள் சொந்தக் கணக்கு உங்களுடையது என்று நிரூபிக்க முடியாது. தோட்டப் பிறப்புப் பதிவுகளில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர், அழைப்பது இன்னொரு பெயர் என்று இருக்கும் நமக்கு இது சின்ன விஷயமல்ல. அட்டையில் உள்ளதையே போடுங்கள்.

ஏற்கனவே வெளியேறிவிட்டீர்கள் என்றால், எப்போதும் பயன்படுத்திய அதே போனிலிருந்து 'போர்கொட்டன் பாஸ்வேர்ட்' வழியாக முயலுங்கள். பழக்கமான போனை பேஸ்புக் கூடுதலாக நம்பும். கோட் கடையின் எண்ணுக்குப் போகிறது என்று தெரிந்தால் கடைக்கு நேரில் போய், அங்கேயே நின்று கோடை வாங்கி, அங்கேயே எண்ணையும் மாற்றுங்கள். 'கணக்கை மீட்டுத் தருகிறேன், ஐயாயிரம் தாருங்கள்' என்று மெசஞ்சரில் வருபவர்களுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அவர்களில் எவருக்கும் பேஸ்புக்குக்குள் தனி வழி கிடையாது.

மகளின் படத்தோடு போலிக் கணக்கு

முதலில் மகளைத் திட்டாதீர்கள். போனைப் பறித்தால் அடுத்த முறை அவள் உங்களிடம் சொல்ல மாட்டாள், மிரட்டுபவன் சொல்வதைத்தான் கேட்பாள்.

புகார் செய்யும் முன் சான்று எடுங்கள்: கணக்கின் முகப்பு, அதன் இணைய முகவரி, செய்திகள், திகதி தெரியும்படி ஸ்கிரீன்ஷொட். அந்தக் கணக்கு அழிந்த பிறகு பொலிஸுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. பிறகு அந்தப் பக்கத்தின் மூன்று புள்ளியைத் தொட்டு 'ரிப்போர்ட்' செய்யுங்கள். நூறு பேரைத் திரட்டி ரிப்போர்ட் அடிக்கச் சொல்வதால் பயனில்லை. எண்ணிக்கையைப் பார்த்து நீக்குவதில்லை என்று பேஸ்புக்கே சொல்கிறது. ஆள்மாறாட்டம் செய்யப்பட்டவரே தன் கணக்கிலிருந்து, தன்னைப் போல நடிக்கிறார்கள் என்று சரியான காரணத்தைத் தேர்ந்து அனுப்புவதே கணக்கில் எடுபடும்.

அந்தரங்கப் படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினால் பணமும் கொடுக்க வேண்டாம், இன்னொரு படமும் அனுப்ப வேண்டாம். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'ஸ்டொப் என்சிஐஐ' என்ற சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் போகும். பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அதை வைத்து அந்தப் படத்தைத் தடுக்கும். 18க்குக் கீழென்றால் அதே வேலையை 'டேக் இட் டவுன்' செய்கிறது. சிறுவர் பாதுகாப்புக்கு 1929, பெண்களுக்கு 1938, இணையப் பாதுகாப்பு ஆலோசனைக்கு இலங்கை சேர்ட் அமைப்பின் 101. பொலிஸ் நிலையத்துக்குப் போனால் பெண்கள், சிறுவர் பிரிவைக் கேளுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கொழுந்து பறிக்கும்போது எடுத்த வீடியோ உங்களைக் கேட்காமல் ஓடுகிறது

சுற்றுலா வருபவர்கள் கூடையோடு நிற்கும் பெண்களைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். முகம் தெரிகிறது, குரல் கேட்கிறது, கீழே கண்டவர்கள் கண்டதை எழுதுகிறார்கள். யூடியூப்பில் தனியுரிமை முறைப்பாடு என்று ஒரு படிவம் உண்டு. உங்களைத் தெளிவாக அடையாளம் காண முடிகிறது என்றால், எந்த நிமிடத்தில் என்று குறிப்பிட்டு அனுப்பலாம். போட்டவருக்கு 48 மணி நேர அவகாசம் கொடுத்து, பிறகு யூடியூப் தீர்மானிக்கும். டிக்டொக்கிலும் பேஸ்புக்கிலும் 'ரிப்போர்ட்' வழியாகத்தான். வறுமையைக் காட்டி உதவி கேட்பது போல எடுத்த வீடியோ என்றால் தயங்காமல் முறையிடுங்கள். உங்கள் முகத்தை வைத்துத் திரட்டிய பணம் யாரிடம் போகிறது என்று நீங்கள் கேட்கலாம்.

'அணை உடைந்துவிட்டது', 'மண் சரிகிறது' என்று குரல் பதிவு வருகிறது

செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. அப்படிப்பட்டதை ஒரு முறைக்கு ஒரே ஒருவருக்கோ ஒரே ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும் என்று 2020இல் வட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. பேசுபவர் தன் பெயரைச் சொல்கிறாரா, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், இன்று எத்தனை மணி என்று சொல்கிறாரா? மூன்றும் இல்லாத குரல் பதிவை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. மவுஸ்ஸாக்கலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறப்பது மழைக்காலத்தில் வழமை. நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தத்தான் திறக்கிறார்கள். ஆனால் கீழே ஆற்றோரத்தில் இருப்பவர் விலகத்தான் வேண்டும்.

மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடும் பொறுப்பு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துடையது. பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மூன்று நிறத்தில் வரும். மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை முதற்கட்டத்துக்கும், 100 இரண்டாம் கட்டத்துக்கும், 150 மூன்றாம் கட்டத்துக்கும் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன. உங்கள் பிரிவின் பெயரை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எப்படி எழுதுவார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவித்தல் படம் முதலில் அந்த மொழிகளில்தான் பலரின் போனுக்கு வரும். சந்தேகம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம், 117.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மலைகள் மறுபடி சரிந்தன. ஆகவே பொய்ச் செய்தியைத் தடுப்பதும் மெய்ச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவித்தல் உங்கள் பிரிவுக்கு வந்தால், அதைக் குழுவில் போட்டுவிட்டு நிற்காதீர்கள். போன் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சுவரில் புது வெடிப்பு, ஊற்று நீர் திடீரென்று கலங்குவது, மரங்கள் சாய்வது ஆகியவற்றைக் கண்டால் எந்த நிறத்துக்கும் காத்திருக்க வேண்டாம்.

வதந்தி எவ்வளவு தூரம் போகும் என்பதை மலைநாடு கண்ணால் கண்டிருக்கிறது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்புப் பதிவுகள் பேஸ்புக்கில் தடையின்றி ஓடின. தன் தளம் அந்த வன்முறைக்குத் துணைபோனதற்காக 2020 மே மாதத்தில் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இன்னொரு சமூகத்தைப் பற்றிய ஆத்திரமூட்டும் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால் அதை அங்கேயே நிறுத்துங்கள், அனுப்பியவரிடம் தனியாகப் பேசுங்கள். குழு நிர்வாகி அதை எல்லோருக்குமாக நீக்கவும் முடியும்.

தமிழ் எழுத்து புரியாத குறிகளாக வருகிறது

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து ஒரு பத்தி வந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அப்படியே ஒட்டியது. அனுப்பியவரிடம், போன்கள் புரிந்துகொள்ளும் பொது முறையான யுனிகோடுக்கு மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். இணையத்தில் மாற்றிகள் இலவசமாக உண்டு. வெறும் கட்டங்களாக வந்தால் போன் மிகப் பழையது. தமிழ் எழுத்துரு அதில் இல்லை.

எழுதத் தயங்கும் பெரியவர்களுக்கு கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக் கொடுங்கள். குரல் உள்ளீட்டில் மொழியைத் 'தமிழ், இலங்கை' என்று தேர்ந்து, மைக் குறியை அழுத்திப் பேசினால் எழுத்தாக வரும். தோட்டப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் அது பிழையாகக் கேட்கும். மருந்தின் பெயர், வங்கிக் கணக்கு இலக்கம், பஸ் நேரம் இவற்றை அனுப்பும் முன் கண்ணால் ஒரு முறை பார்த்துவிடுங்கள். படிக்கவே முடியாதவர் என்றால் குரல் பதிவே போதும். மைக்கை மேலே தள்ளிப் பூட்டிவிட்டால் விரலை எடுத்துவிட்டுப் பேசலாம்.